இல்லாத மிளகாய்க்காடு

மகளே, போன வாரம் போனில் பேசும்போது ஒன்று சொன்னாய். வேலை கிடைத்த ஊரில் வாடகைக்கு அறை பார்க்கப் போயிருக்கிறாய். வீட்டுக்காரர் உன்னிடம் அப்பாவுக்கு என்ன தொழில், பூர்வீகம் எது என்று கேட்டிருக்கிறார். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ திரும்பிவிட்டாயாம். ‘என்னப்பா சொல்லட்டும்?’ என்று என்னைக் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். தம்பி, நீயும் அப்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அதனால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

நம்முடைய ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் கடலோரம் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் தாத்தாவும் அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர்கள். நானும் போனேன். பள்ளிக்கூடம் கரையை ஒட்டியே இருந்தது. கரைவலை இழுக்க நிறையக் கைகள் வேண்டும். மீன் கூட்டம் தெரிந்த அன்றைக்குப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளியே யாராவது வந்து நிற்பார்கள். வாத்தியார் ஒன்றும் சொல்லமாட்டார். நாங்கள் பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவோம். முதல் தடவை இழுத்த அன்று என் பங்கு என்று இரண்டு கை மீன் கொடுத்தார்கள். என் அம்மா அதை வாங்கிச் சட்டியில் போட்டதும் எனக்குப் பெரிய ஆளாகிவிட்டதாக ஒரு நினைப்பு. என் படிப்பு அப்படித்தான் போயிற்று. யாரும் என்னை அடித்து நிறுத்தவில்லை. கடலில் ஒரு நல்ல நாள் கிடைத்தால் படிப்பு எதற்கு என்று தோன்றும். கெட்ட நாள் வந்தால் படிக்க வழி இருக்காது. இந்த இரண்டு நாட்களைத் தவிர அங்கே வேறு நாள் கிடையாது.

பெரிய விசைப்படகுகள் வந்த பிறகு நம்மைப் போன்ற நாட்டுப்படகுக்காரர்களுக்குக் கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது. மகளே, அப்போது உனக்கு மூன்று வயது. நீயும் ஒரு நாள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கடைசி சீட்டில், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, உட்கார்ந்து போவாயோ என்ற பயம் எனக்கு வந்தது. அந்தப் பயத்தில்தான் திருப்பூருக்கு வந்தேன்.

வேலை கிடைத்துவிட்டது. நிட்டிங் மெஷினில் நூல் மாட்டும் ஹெல்பராகச் சேர்ந்தேன். வீடுதான் கிடைக்கவில்லை. முதலில் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு வீடு பார்த்தேன். ஊரில் என்ன தொழில் என்று வீட்டுக்காரர் கேட்டார். கடல் தொழில் என்றேன். சாவி மகனிடம் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் போனால், ‘நேத்தே வேறொருத்தருக்குக் குடுத்தாச்சுங்க’ என்றார். அடுத்த வீட்டிலும் அதே போல. மூன்றாவது வீட்டில் அந்த அம்மாள் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு இல்லை என்றார். மரியாதைக்கு எங்கேயும் ஒரு குறையும் இல்லை. வீடுதான் இல்லை. உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள்.

நான்காவது வீட்டில் நான் பொய் சொன்னேன்.

அது நகரத்தை விட்டு வெளியே, முன்பு காடாக இருந்த இடம். இந்தப் பக்கம் விளைநிலத்தைக் காடு என்றுதான் சொல்வார்கள். ஆறு வீடுகள் ஒரே வரிசையில் கட்டிய லைன் வீடு. முன்வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். கணவர் இல்லை, மகன்கள் கோயம்புத்தூரில். தண்ணீர் இல்லாமல் காட்டை விற்று அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் அவை. ‘ஊர்ல என்ன பண்ணறீங்க?’ என்று அவர் கேட்டதும், சொந்தக் காடு, மிளகாய் வெள்ளாமை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ராமநாதபுரம் என்றால் மிளகாய் என்று எல்லோருக்கும் தெரியுமே. அவர் முகம் மலர்ந்துவிட்டது. காட்டைப் பற்றிப் பேச அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. எத்தனை உழவு, என்ன எரு என்று கேட்டுக்கொண்டே போனார். கிணறு எவ்வளவு ஆழம் என்றார். ‘ஆறு பாகமுங்க’ என்றேன். இரண்டு கையையும் விரித்து வேறு காட்டினேன்.

பாகம் என்பது இரண்டு கையை விரித்த நீளம். கடலில் கயிற்றை இறக்கி அப்படித்தான் ஆழம் பார்ப்போம். எந்த விவசாயியும் கிணற்றை அப்படிச் சொல்லமாட்டான் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, ‘உங்க பக்கமெல்லாம் அப்படித்தான் அளப்பாங்களாட்ட’ என்றார். சாவியைக் கொடுத்தார். ஒரே ஒரு கண்டிஷன் சொன்னார். ஆடு, கோழி எது வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். மீனும் கருவாடும் மட்டும் கூடாது, ஆறு வீட்டுக்கும் ஒரே காற்று என்றார்.

பதினான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். அந்தப் பதினான்கு வருஷமும் நான் என்ன பயத்தில் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியக்கூடாது என்பதும் அந்தப் பயத்தில் ஒரு பாதி. குழந்தைகள் வாயில் எதுவும் நிற்காதே. உன் மாமா ஒருமுறை பார்க்க வருகிறேன் என்று பக்கத்துக் கடைக்குப் போன் செய்தான். பஸ் ஸ்டாண்டுக்கே போய் நின்றேன். பையைத் திறக்கச் சொன்னேன். அக்காவுக்கு என்று நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தான். அந்தப் பொட்டலத்தை வாங்கி ஒரு டீக்கடையில் கொடுத்துவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. ஏன் மாமா வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் அவனுக்கு வேலை என்று சொல்லியிருக்கிறேன்.

மகளே, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று டீச்சர் தகப்பனார் தொழில் என்று கேட்டார். பூர்வீகமாக விவசாயம் என்று எழுதச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். சாதி என்ற இடத்தில், சர்டிபிகேட் பிறகு கொண்டுவருகிறேன் என்றேன். டீச்சர் அங்கே ஒரு கோடு போட்டார். அந்தச் சின்னக் கோடு என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நான்காம் வகுப்பில் நீ ‘என் தாத்தா’ என்று ஒரு பக்கம் எழுதினாய். தாத்தாவின் படகுக்குப் பச்சை வண்ணம், முன்னால் கண் வரைந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். ஒருமுறை ஊருக்குப் போனபோது பார்த்தது. நோட்டில் அந்தப் பக்கம் எங்கே என்று மறுநாள் அழுதாய். தம்பி கிழித்திருப்பான் என்று அம்மா சொன்னாள். கிழித்தது நான். அவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் மேல் பழி போட்டோம்.

மிளகாய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வரும்போது பரமக்குடிச் சந்தையில் இறங்கி குண்டு மிளகாய் வாங்குவேன். நம் காட்டு மிளகாய் என்று வீட்டுக்காரம்மாவிடம் கொடுப்பேன். அவர் அதை மாடியில் காயவைத்து, கோயம்புத்தூரில் இருக்கும் மகன்களுக்கும் பங்கு வைத்து அனுப்புவார். அந்த மிளகாயின் காரத்தைப் பற்றி லைன் முழுக்கச் சொல்வார். மழை பெய்ததா என்று கேட்பார். அதற்காகவே டீக்கடையில் பேப்பர் வாங்கி ராமநாதபுரத்தில் மழை உண்டா என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அவர் பாராட்ட ஆரம்பித்தால் ஏதாவது வேலை சொல்லி நழுவிவிடுவேன்.

பிறகு நீ பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தாய். நம் வம்சத்தில் யாரும் எடுக்காத மார்க். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தோம். சாதிச் சான்றிதழ் நகல் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. உன் கிளாஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். மீனவர் என்று சான்றிதழ் இருந்தால் இந்த மார்க்குக்கு நல்ல கல்லூரியில் இடம் உறுதி. இல்லாவிட்டால் பொதுப் பட்டியலில் போய்விடும், அங்கே இந்த மார்க் போதாது. ‘இத்தன வருசம் ஏனுங்க வாங்காம உட்டீங்க?’ என்று கேட்டார். வேலை என்றேன். நம்மைக் கரையேற்ற அரசாங்கம் நீட்டுகிற கயிற்றில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறதோ, அந்தப் பெயரைத்தான் நான் பதினான்கு வருஷமாக மறைத்து வைத்திருந்தேன்.

தாலுகா ஆபீசில் சான்றிதழுக்கு மனு கொடுத்தேன். ரேஷன் கார்டு இங்கே இருப்பதால் இங்கேதான் விசாரணை என்றார்கள். வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், வீட்டுக்காரரிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்குவார் என்று கிராம உதவியாளர் சொன்னார். விசாரணையை எங்கள் கம்பெனியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ‘ஏனுங்க, அய்யா வந்து உங்க பனியன் கம்பெனியில டீ குடிக்கோணுமாக்கும்?’ என்றார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து நாள். ஆய்வாளர் எப்போது வருவார் என்று தெரியாது. தெருவில் பைக் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். அப்போது நான் மெஷின் ஆபரேட்டர். ஊசி ஒன்று உடைந்து துணியில் நெடுகக் கோடு விழுந்துகொண்டே போனதை நான் பார்க்கவே இல்லை. பார்த்தபடிதான் நின்றேன், ஆனால் பார்க்கவில்லை. ஒரு ரோல் முழுக்க வீணாயிற்று. சூப்பர்வைசர் திட்டியதும் காதில் ஏறவில்லை. ஆய்வாளர் கேட்டால் லைன் முழுக்கத் தெரிந்துவிடும், கவுன்சிலிங் நேரத்தில் வீடில்லாமல் நிற்போம். கேட்காவிட்டால் உனக்குச் சான்றிதழ் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பயம் நின்றது.

உன் அம்மா தெளிவாக இருந்தாள். ‘நீங்க சொல்லலைன்னா நானே போய்ச் சொல்லிருவேன். அடுத்தவுங்க வாயில இருந்து கேட்டா அந்த அக்காவுக்கு எப்படி இருக்கும்?’ என்றாள். நான் தடுத்துவிட்டேன். மூன்று தடவை வீட்டுக்காரம்மா வாசலுக்குப் போனேன். ஒரு தடவை மோட்டார் எப்போது போடுவீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒரு தடவை குழாயில் ஒழுகல் என்று சொன்னேன். ஒழுகல் எதுவும் இல்லை. மூன்றாவது தடவை, மகள் நல்ல மார்க் எடுத்திருப்பதற்கு அவரே எனக்குச் சர்க்கரை கொடுத்தார். வாங்கித் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. லைன் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வெளியே வேப்பமரத்து நிழலில் இருந்தார்கள். ஆய்வாளர் உதவியாளரோடு வந்து இறங்கினார். வீட்டுக்காரம்மா அவருக்குத் தன் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். கம்பெனியில் இருந்த எனக்கு அம்மா போன் செய்தாள். சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. நீ மார்க் ஷீட் ஃபைலைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றாய்.

ஆய்வாளர் கெட்ட மனிதர் இல்லை. பேப்பரைப் பார்த்துத்தான் கேட்டார். பள்ளிக்கூட ரெக்கார்டில் விவசாயம் என்று இருக்கிறது, மனுவில் மீனவர் என்று இருக்கிறது, எது சரி என்றார். மீனவர் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா முன்னால் வந்துவிட்டார். நான் ஏதோ பேசத் தெரியாமல் தவிக்கிறேன் என்று நினைத்தார். எனக்கு உதவத்தான் வந்தார்.

‘நல்ல குடும்பமுங்க சார். பதினாலு வருசமா இருக்கறாங்க. ஒரு சொல்லு கெடையாது. ராமநாதபுரத்துல சொந்தமா மொளகாக்காடு இருக்குதுங்க. வருசம் தவறாம மொளகா கொண்டாந்து குடுப்பாருங்க. வேணும்னா எடுத்தாரனுங்க, பாக்கறீங்களா?’

உதவியாளர் அதை எழுதிக்கொண்டார். அவரிடம் கையெழுத்தும் வாங்கினார். வீட்டுக்காரம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டி, அழகாக எழுதினார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். ஃபைலை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றாய். பேசாமல் இருந்தால் வீடு மிஞ்சும் என்று ஒரு நொடி நினைத்தேன். மகளே, அந்த ஒரு நொடியை நான் உன்னிடம் மறைக்கவில்லை. நினைத்தேன்.

பிறகு சொன்னேன். காடு இல்லை, ஒரு சென்ட் நிலம்கூட இல்லை, கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள், வீடு கிடைக்க வேண்டும் என்று இந்த அக்காவிடம் பொய் சொன்னேன் என்றேன். வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

‘ஊட்டுக்காக அன்னைக்குச் சொன்னது பொய்யா, சலுகைக்காக இன்னைக்குச் சொல்லறது பொய்யா? நான் எதைங்க எழுதட்டும்?’ என்றார் ஆய்வாளர்.

ஏதாவது ஆதாரம் காட்டச் சொன்னார். கையைக் காட்டினேன். தூண்டில் நைலான் நரம்பு அறுத்த தழும்புகள் விரல் மடிப்பில் இன்னும் இருக்கின்றன. உதவியாளர் எட்டிப் பார்த்து, நூல் ஓட்டுகிறவர்கள் எல்லோர் கையிலும் இப்படி இருக்கும், தன் மச்சான் கையைப் பார்த்தால் தெரியும் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். பத்து மீன் பெயர் சொல்லச் சொன்னார் ஆய்வாளர். இருபது சொன்னேன். காற்றின் பெயர்களைச் சொன்னேன், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் போவோம் என்று சொன்னேன். பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தான் மீனே சாப்பிடுவதில்லை, நான் சொன்னதில் பாதி புரியவில்லை, புரியாததற்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். நான் படித்த பள்ளிக்கூடத்து ரெக்கார்டை ஒரு வாரத்துக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி, பொய்த் தகவல் என்று கேஸும் ஆகலாம் என்று எழுந்தார். கேஸ் என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்காரம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவை உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது. பகலில் அவர் தாழ் போட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறினேன். என் பள்ளிக்கூடத்தில் இருந்த தலைமை ஆசிரியர் எனக்குத் தெரியாதவர். பழைய ரெஜிஸ்டரை அவரே பீரோவில் இருந்து தேடி எடுத்தார். பாதி அட்டையைக் கரையான் தின்றிருந்தது. என் பெயர் இருக்கும் பக்கம் இருக்குமா என்று அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டியபோது நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருந்தது. மீனவர் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதே வரியில் கடைசியில் ‘பள்ளிக்கு வருவதில்லை, கடல் தொழில்’ என்றும் இருந்தது. அதே கையெழுத்தில் அந்தப் பக்கத்தில் இன்னும் நிறையப் பெயர்களுக்கு எதிரே அப்படியே இருந்தது. எல்லோரையும் எனக்குத் தெரியும். அவர்களில் யாருடைய பிள்ளை காலேஜ் போயிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

நகலை வாங்கிக்கொண்டு வந்து ஆபீசில் கொடுத்தேன். ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, இது சரி, ஆனால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது எதிராக இருக்கிறதே, அவரே வந்து மாற்றிச் சொன்னால்தான் முடியும் என்றார். கடலில் புயலுக்கு மாட்டியிருக்கிறேன். அன்றைக்குக்கூட வீட்டுக்காரம்மா வாசலுக்குப் போகப் பயந்த அளவுக்குப் பயந்ததில்லை.

கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. நான் எதுவும் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே கேட்டார்.

‘அந்த மொளகா யாரு காட்டுதுங்க?’

பரமக்குடிச் சந்தையில் வாங்கியது என்றேன்.

‘என்ற பசங்களுக்கெல்லாம் குடுத்து உட்டனே’ என்றார். பிறகு, ‘மீன் புடிக்கறவங்கன்னு எனக்குத் தெரியாததுகூடப் பெருசில்லீங்க. என்ற வாயில பொய்யச் சொல்ல வெச்சுட்டீங்களே சாமி. கவர்மெண்டு பேப்பர்ல என்ற பேருக்கு மேல பொய் இருக்குதுங்க இப்ப’ என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் அதைப் பார்க்க விரும்பாதவர் போல உள்ளே போய்விட்டார். எதற்காக வந்தேன் என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை.

மறுநாள் அவர் தானாகவே ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போயிருக்கிறார். உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக, தான் சொன்னதைத் திருத்த வேண்டும் என்று நின்றாராம். எப்படி இப்போது மட்டும் நம்புகிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டிருக்கிறார். ‘கெணத்தக் கையை விரிச்சு பாகத்துல அளந்து காட்டுனாருங்க. காட்டுக்காரன் எவனும் அப்படிச் சொல்லமாட்டான். எனக்கு அன்னைக்கே ஒறைச்சிருக்கோணும். புதுசா ஒரு காட்டுக்காரர் குடிவந்தாருன்னு சந்தோசத்துல உட்டுப்போட்டேன்’ என்றாராம். ஆய்வாளர் அந்தப் பாகக் கணக்கை அவரிடமே இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாராம்.

அதிலிருந்து நான்காம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. அப்ளிகேஷன் அனுப்பும் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நீ அதை வாங்கி ஒரு தடவை சத்தமாகப் படித்தாய். நம் சாதியின் பெயரை உன் வாயால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பழக்கம்.

உனக்கு இடம் கிடைத்த செய்தியைச் சொல்ல அம்மாவும் நானும் வீட்டுக்காரம்மாவிடம் போனோம். உன்னைக் கூப்பிட்டு, ‘அம்மிணி, நல்லாப் படிக்கோணும் கண்ணு’ என்று தலையைத் தடவினார். உன்னை அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார். ‘அம்மிணியக் காலேஜுல சேத்திப்போட்டு வேற ஊடு பாத்துக்குங்க. அவசரமில்லீங்க.’

அம்மா ஏன் என்று கேட்டாள். இத்தனை வருஷம் ஒரு முள்கூட இந்த வீட்டுக்குள் வரவில்லை என்றாள்.

‘மீனுக்காகச் சொல்லலீங்க. இனி நீங்க மழ பேயுதுன்னு சொன்னாக்கூட நான் வெளிய வந்து பாக்கோணும். அப்படி ஒரு ஆளோட எத்தன நாளைக்குங்க இருக்கறது?’ என்றார்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சாவியைக் கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. மற்ற மூன்று பேரும் கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும். மகளே, நீ கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பொய் சொல்லி வாங்கிய வீட்டில் எப்படி இருந்தோம் என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன்னைக் கல்லூரி விடுதியில் சேர்த்த இரண்டாம் வாரம் வீடு மாறினோம். இந்தத் தடவை தொழிலைச் சொல்லித்தான் கேட்டேன். ஏழாவது வீடு கிடைத்தது, கம்பெனியில் இருந்து தூரம், அறையும் சின்னது. சாமான்களை மினி லாரியில் ஏற்றி அம்மாவையும் தம்பியையும் அனுப்பிவிட்டு, சாவியைக் கொடுக்க நான் மட்டும் நின்றேன். வீட்டுக்காரம்மா மகனைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். சாவியை எதிர்வீட்டில் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

உடனே கொடுக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு வாங்கி வந்தேன். காலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காலண்டருக்கும் கொடிக்கயிற்றுக்கும் உங்கள் ஸ்கூல் பைகளுக்கும் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பதினேழு ஆணி. சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விரலால் வைத்து அடைத்து, ஈரத்துணியால் சுவரோடு சமமாகத் தடவினேன். அது காய்கிறவரை தரையில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த பிறகு கையால் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பூட்டினேன்.